தண்ணீருக்கு அரை ஆள்

பதினோராவது வீட்டில்
நாய் வளர்க்கலாம் என்று
தரகர் இமானுவேல் சொன்ன விதம்
மாடியில் கடல் தெரியும் என்று
முன்பொரு வீட்டுக்குச் சொன்ன அதே விதம்.
அங்கே தெரிந்தவை கன்டெய்னர்கள்.
நீலம், துரு, நீலம்.

டோக்கன் என் பின்னால் வருகிறாள்.
ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோன
ஒரு சனிக்கிழமை
வரிசை கலைந்த பிறகும் நின்றிருந்தவள்.
அன்று எனக்குக் கிடைத்தது அவள்தான்.
இடது காது பாதி.
மீதிப் பாதியைத்
தண்டையார்பேட்டையில் ஏதோ ஒரு தெரு வைத்திருக்கிறது.

இதற்கு முன் பார்த்த வீடுகளில்
நாயா என்று யாரும் முகம் சுளிக்கவில்லை.
பேச்சு அதுவரைக்கும் போனதில்லை.
வீட்டுக்காரர் இல்லையா,
எந்த ஊர், என்ன ஆளுங்க,
ராத்திரி ஷிப்ட்னா எத்தனை மணிக்கு.
ஒரு அம்மாள் மட்டும் டோக்கனைத் தடவிக்கொடுத்தபடி
இதுக்குன்னா ஒண்ணுமில்லம்மா,
உனக்குத்தான் யோசிக்கணும், என்றாள்.

காலடிப்பேட்டை.
மெட்ரோ தூணின் நிழல் வந்து உட்கார்ந்து
பத்தரைக்கு எழுந்துபோகும் வாசல்.
ஒரு அறை, அறைக்குள்ளேயே சமையல்,
அடுப்புக்குப் பின்னால் ஒரு கதவு.
தோட்டம், என்றார் இமானுவேல்.
செப்டிக் டேங்க் மூடிக்கும் மதிலுக்கும் நடுவில்
ஆறடிக்கு நாலடி.
ஒரு நந்தியாவட்டை.
இலையெல்லாம் லாரிப் புகை,
இல்லையென்றால் மணலிப் பக்கத்துக் காற்று.
பூ மட்டும் வெள்ளை, எப்படியோ.

வீட்டு ஓனர் தீனதயாளன்
உரத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்.
டோக்கனை அவர் பார்க்கவில்லை.
டோக்கன்தான் அவரைப் பார்த்தாள்,
செருப்பிலிருந்து ஆரம்பித்து.
பேனாவைத் திறந்துகொண்டே சொன்னார்:
வாடகை ஏழு. அட்வான்ஸ் அம்பது.
கரண்டு யூனிட்டுக்கு எட்டு.
தண்ணி லாரி வாரத்துக்கு ரெண்டு தரம்,
ஆளுக்கு மாசம் இருநூறு.
பிறகு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி
அந்தப் பாதிக் காதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
இது அரை ஆள். நூறு.

ரேஷன் கார்டில் நான் ஒருத்தி.
அப்பா வீட்டுப் பத்திரத்தில்
அந்த ஒருத்தியும் இல்லை.
இந்த முத்திரைத்தாளில்
நீல மையில், சாய்ந்த கையெழுத்தில்,
குடியிருப்போர்: ஒன்றரை.

குடிவந்த அன்று பால் காய்ச்சினேன்.
பொங்கி அடுப்பை அணைத்தது.
தட்டில் ஊற்றியதில் ஆடையை மட்டும் நக்கிவிட்டு
பின்கதவுக்குப் போனவள்
தோண்ட ஆரம்பித்தாள்.
முதலில் செங்கல் பொடி.
ஒரு பேனா மூடி, ஷாம்பு உறை,
அப்புறம் யார் வீட்டு அடுப்பிலிருந்தோ சாம்பல்.
முழங்கை ஆழத்தில்
கிளிஞ்சல்கள், ஈரமாக.
எந்தக் காலத்திலோ இங்கே
கடல் குடியிருந்திருக்கிறது.
அட்வான்ஸைத் திருப்பி வாங்காமலே
காலி பண்ணியிருக்கிறது.

மாடிச் சுவரில் தீனதயாளனின் தலை.
ஒப்பந்தத்தில் தோண்டுவதைப் பற்றி
ஒரு வரியும் இல்லை என்பது
எங்கள் இருவருக்கும்
ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது.
பாத்து, செடி வேரு, என்றார்.
என்னிடம் இல்லை.

இரவு ஷிப்ட் முடிந்து
ஐந்தரைக்கு வரும்போதெல்லாம்
அந்தக் குழிக்குள் சுருண்டு கிடக்கிறாள்.
உள்ளே விரித்த சாக்கு மடித்தது மடித்தபடி.

நூறு ரூபாய்த் தண்ணீரை அவள் தொடுவதே இல்லை.
துணி துவைக்கும் கல்லின் பள்ளத்தில்
தேங்குவதுதான் அவளுக்கு ருசி.
கணக்கில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்.
மாதா மாதம் ஒன்றாம் தேதி
முந்நூறையும் எண்ணி வைக்கிறேன்.
கழித்தால்
தாளில் மறுபடியும்
ஒன்று என்று எழுதிவிடுவார்.