தீப்பெட்டி நீளம்

ஏப்ரலின் கடைசி வெள்ளி. மண்ணில் விரலை விட்டால்
கணு வரைக்கும் குளிர்.
"இன்னும் ஒரு வாரம் பொறு" என்கிறது தொலைபேசி,
ரீகாவில் எலும்பு மருத்துவமனையின் மூன்றாம் மாடியிலிருந்து.
பொறுக்க முடியாது, இமண்ட்ஸ்.
பட்டாணி நேற்றிரவே தண்ணீரில் விழுந்தாயிற்று.

உன் புது முட்டி உனக்குள் பழகிக்கொண்டிருந்த இரவு
நான் கிண்ணத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சுருங்கிக் கிடந்த சாம்பல்நிற மணிகள்
முதலில் தோல் தளர்ந்து, பிறகு உப்பி,
விடிகாலை நான்கு மணிக்கு
ஒன்றின் மேலிருந்து மற்றொன்று உருண்டது:
டொக்.
அதற்குமேல் தூங்கவில்லை.

"தீப்பெட்டி எடுத்துக்கொண்டாயா?"
எடுத்துக்கொண்டேன்.
இருபத்தாறு வருடம் ரயில்பாதை அளந்தவன் நீ.
விதைக்கும் விதைக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி நீளம்,
வரிசையின் இரு முனையிலும் குச்சி,
குச்சிக்கும் குச்சிக்கும் கயிறு,
சுண்டினால் அது பாட வேண்டும்.
"சுண்டிப் பார்த்தாயா?"
சுண்டினேன்.

பொய்.
கயிறு கொட்டகையில் எங்கோ கிடக்கிறது.
தீப்பெட்டி என் பையில்தான்.
அதிலிருந்து ஒரு சிகரெட் பற்றவைத்தேன்,
அதுவும் உனக்குத் தெரியாது.
பிறகு மண்டியிட்டேன்,
சொந்த முட்டிகள் உள்ளவளின் திமிரோடு.
கோழிக்குத் தீனி இறைக்கும் கையால் இறைத்தேன்.
சில இடத்தில் மூன்று சேர்ந்து விழுந்தன, விட்டுவிட்டேன்.
சில இடத்தில் ஒன்றுமில்லை, அதையும்.
ஆப்பிள் மரத்தருகே வந்தபோது வரிசை
என்னைக் கேட்காமலே இடப்பக்கம் திரும்பியது.

கிறிஸ்துமஸ் ஜாடியின் மிச்சம் இது.
அன்றிரவு தட்டில் பாதியை நீ வைத்துவிட்டாய்.
மிஞ்சுகிற பட்டாணி
வரும் வருடத்தின் கண்ணீர் என்பார்கள் நம் ஊரில்.
வலி, பசியில்லை என்றாய்.
நீ படுத்த பிறகு விளக்கைப் போடாமல்
நின்றபடியே அத்தனையும் தின்றேன்,
உறைந்த பன்றிக்கொழுப்பு அண்ணத்தில் ஒட்ட ஒட்ட.
எண்ணவில்லை.
எண்ணியிருந்தால் பயந்திருப்பேன்.

மூன்றாம் நாள் காலை
மூடிய மண்ணில் சின்னச் சின்னத் துளைகள்.
எலி.
"மண்ணெண்ணெயில் புரட்டியிருக்கணும்"
வேலிக்கு மேலிருந்து ஸ்கைட்ரீடே.
எதையும் நடந்தபின் சொல்பவள் அவள்.

"முளைத்ததா?"
முளைக்கும்.
"முளைத்ததா?"
குளிர் இன்னும் விடவில்லை.
"விஸ்மா, முளைத்ததா?"
இங்கே நாரை வந்துவிட்டது, போன வருடத்து அதே கம்பத்தில்,
என்று பேச்சை மாற்றினேன்.

மே பதினேழு. இரண்டு ஊன்றுகோலோடு இறங்கினாய்.
வீட்டுக்குள் போகவில்லை.
குடிகாரன் வீடு திரும்பிய தடம் மாதிரி
வளைந்து வளைந்து முளைத்திருந்தது.
நடுவில் ஒரு கஜம் வழுக்கை.
நீ பார்த்தாய்.
அந்த முனைக்குப் போய், அங்கிருந்தும் பார்த்தாய்.
"இதில் ரயில் விட்டிருந்தால்" என்றாய்,
மேலே சொல்லவில்லை.

விறகு அடுக்கின் அடியில் இருந்ததை
நீதான் முதலில் கண்டாய், ஊன்றுகோலால் காட்டினாய்.
ஒரே கைப்பிடிப் பச்சை.
முப்பது நாற்பது தண்டு,
நடுவே தீப்பெட்டி என்ன, குச்சிகூட நுழையாத நெருக்கம்.
எலி சேர்த்துவைத்த களஞ்சியம்.
எலி மறந்ததோ, ஸ்கைட்ரீடேயின் பூனை
எலியை மறக்கவைத்ததோ.

பிடுங்கி நடலாம் என்றேன்.
வேண்டாம் என்றாய்.
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி,
பிர்ச் கிளைகளைக் கொண்டுவரச் சொன்னாய்.
முதல் கிளையை எலியின் பயிருக்கு ஊன்றினாய்.
அப்புறம் என் வரிசைக்கு,
ஒவ்வொரு கோணலுக்கும் கோணலாகவே.
கடைசியில் கையை நீட்டினாய், தீப்பெட்டியைக் கொடு என்று.
காதோரம் வைத்துக் குலுக்கினாய்.

"குறைகிறதே" என்றாய்.
நான் அடுத்த கிளையை எடுக்கப் போனேன்.