ஒரு நொடி

க்ரேமூரில் யாரும் துப்பறிவாளனோடு பேசுவதில்லை.
மீன்கடைக்காரி ஷட்டரை இறக்குகிறாள்.
பாதிரியார் கேள்வி முடியுமுன் முதுகைக் காட்டுகிறார்.
விடுதிக் கணக்கன் மட்டும் நிமிராமலே
ஒரு வாக்கியம் சொல்கிறான்:
"நான் யாரையும் பார்க்கவில்லை."
பதினோரு ராத்திரியாக
அவனைத் தாண்ட முடியவில்லை எனக்கு.

அந்த ஊரில் எந்நேரமும் பனிமூட்டம்.
இங்கே மே மாசம்.
பாபு ராவ் தெருவில்
ராத்திரி இரண்டு மணிக்கும் சுவர் சுடுகிறது.
முனவ்வர் பாய் லாட்ஜின் ராத்திரி டூட்டி நான்.
தலைக்குமேல் பலகை:
அறையில் சமைக்கக் கூடாது,
துணி காயப்போடக் கூடாது,
பன்னிரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும்.
அதன் கீழே, வங்காளத்தில் மட்டும்,
கூடுதலாக ஒரு வரி.
என்னவென்று நான் கேட்டதில்லை.

காதில் ஹெட்செட். திரையில் படிக்கட்டு.
மேலே ஏதோ ஈரமாக நடக்கிறது.
மேசையை யாரோ தட்டினார்கள்.
தூக்கிவாரிப் போட்டது.

பதினேழாம் நம்பர், நிதாய் மண்டல்.
லுங்கி, பனியன்,
கையில் அப்பாவின் ஒற்றைச் செருப்பு.
"பாபா கமரே மே நஹி. ஆப் தேகா?"
நிமிராமலே சொன்னேன்:
"நான் யாரையும் பார்க்கலை."

சொன்ன பிறகுதான்
என் குரல் என் காதில் விழுந்தது.

இந்த ஆட்டத்தை நடுவில் நிறுத்த முடியாது.
ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தேன்.

மருந்துக்கடை வாட்ச்மேன், "நான் இன்னாத்த கண்டேன் சார்."
ஆட்டோவில் சுருண்டிருந்தவர்
போர்வையை இன்னும் இழுத்துக்கொண்டார்.
இட்லிக்கடைப் பையன்
நிதாயைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டான்,
"அட்வான்ஸ் கட்டிட்டாங்களாண்ணா?"
க்ரேமூரில் தடயங்கள் லேசாக மினுங்கும்,
கிட்டே போனால் போதும்.
இங்கே கோட்டை அகழிப் பக்கம்
ஒரு நாய் எங்களை விசாரித்தது, அவ்வளவுதான்.

"சாயங்காலம் அப்பா என்ன சொன்னார்?"
என் இந்தியும் அவன் இந்தியும்
வழியில் முட்டிக்கொண்டன.
"நொதி," என்றான் கடைசியில்.
கையை நெளித்து நெளித்துக் காட்டினான்.

ஏழு மணி இருக்கும்.
கிழவர் என் மேசைக்கு வந்தார்,
ஊசி குத்திய கையில் பிளாஸ்திரி.
"நொதி? நொதி?"
எனக்கு நொடி என்று கேட்டது.
"ஒரு நொடி, உட்காருங்க."
உட்கார்ந்தார். எவ்வளவு நேரமோ.
நான் அப்போது மீன்கடைக்காரியை
மடக்கி மடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நதி.
உதடு கொஞ்சம் குவிந்த நதி.
இந்த ஊரில் ஆறு எங்கே என்று கேட்டிருக்கிறார் மனுஷர்,
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
தன்னைத் தானே சொல்லிச் சிரிக்கிற ஊரில்.

பாலாற்றுப் பாலத்துக்கு இருநூறு கேட்டார் போர்வைக்காரர்.
கொடுத்தோம்.
கீழே சீமைக்கருவேலம், மணல், பழைய லாரித் தடம்.
நடுவில் குந்தியிருந்தார்,
ஒரு காலில் செருப்போடு.
வெறுங்கையால் ஒரு முழம் தோண்டியிருந்தார்.
செல்போன் வெளிச்சத்தில்
பள்ளத்தின் அடிமணல் நிறம் மாறியிருந்தது.
மகனைப் பார்த்து ஏதோ சொன்னார்.
நிதாய் அதை எனக்கு இந்தியில் சொல்லவில்லை.
பக்கத்தில் மண்டியிட்டு
அவனும் தோண்ட ஆரம்பித்தான்.

நாலரைக்குத் திரும்பினோம்.
என் துப்பறிவாளன் படிக்கட்டில் செத்துக் கிடந்தான்.
மறுபடி தொடங்கவா என்று கேட்டது.
பதிவேட்டில் எதை எழுதுவதென்று தெரியாமல்
தேதியை மட்டும் போட்டேன்.

மறுநாள் ராத்திரியும் க்ரேமூருக்குப் போனேன்.
நான் யாரையும் பார்க்கவில்லை, என்றான் கணக்கன்.
கேள்வி எதையும் அழுத்தாமல் சும்மா நின்றேன்.
பாவம், அவனுக்கு எப்போது ஷிப்ட் மாறுமோ.
அவன் தலைக்குமேல் ஒரு பலகை இருப்பது
அன்றுதான் கண்ணில் பட்டது.
கடைசி வரி வேறு ஏதோ எழுத்தில்.

பதினேழு இன்னும் காலி செய்யவில்லை.
காலையில் நிதாயிடம்
எங்கள் பலகையைப் படிக்கச் சொல்ல வேண்டும்.