நாலரை மணி வரைக்கும்

ஸ்கேன் காலை ஒன்பதுக்கே முடிந்துவிட்டது.
"டாக்டர் நாலரைக்குப் பார்ப்பார்.
அதுவரை ஊரைச் சுற்றிப் பாருங்களேன், நல்ல வெயில்"
என்றாள் மேசைப் பெண்.

ஸ்வான் ஹில்லிலிருந்து நேற்று வந்த ரயில் கசங்கல்
மெர்வின் கோட்டில் அப்படியே இருந்தது,
பையில் போன அறுவடையின் பாதாம் தோலும்.

இலவச டிராம்.
ஒவ்வொரு கட்டிடத்துக்கும் வயது சொன்னது ஒலிபெருக்கி.
எதிரே வாய் பிளந்து தூங்கினான் ஒரு பையன்,
ஒரு முழுச் சுற்று வந்தும் இறங்கவில்லை.
நாங்களும்தான்.

யாரா நதிப் பாலத்தில் நெடுநேரம் நின்றான் மெர்வ்.
"இத்தனை தண்ணீர்,
ஒரு மடை இல்லை, ஒரு மீட்டர் இல்லை,
நேரே கடலுக்குப் போகிறது பார் நோலீன்."
நாற்பது வருஷம் லிட்டர் எண்ணிப் பாய்ச்சியவன்
ஒரு நதிமேல் கோபப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.
துடுப்புப் போட்ட பள்ளிக்கூடப் பெண்கள் கையசைத்தார்கள்.
கோபத்தோடேயே தொப்பியைத் தூக்கினான்.

சந்தையில் ஜாம் டோநட்.
வெறும் வயிற்றுக்காரன், ஆற விடவில்லை.
நாக்கைச் சுட்டுக்கொண்டு, சட்டையெல்லாம் சிவப்பு.
"இப்போது கேள் யாராவது என்ன வியாதி என்று"
என்று சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை,
பிறகு வந்தது, நிறுத்த முடியாமல்,
மீன்கடைக்காரர் காகிதத் துண்டு நீட்டும்வரை.

எண்பத்தெட்டாவது மாடிக்கு
முதியோர் கட்டணமே கொள்ளை.
கால்பந்து மைதானம் அங்கிருந்து ஒரு ஆஷ்டிரே.
நான் வடக்கே பார்த்தேன், ஊர் தெரியாது என்று தெரிந்தும்.
அவன் தொலைநோக்கியில் காசு போட்டு
துழாவித் துழாவி
ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தான்.
"மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது" என்றான்.
எனக்குக் காட்டுவதற்குள் காசு தீர்ந்து
உள்ளே இருட்டு.
என்னிடம் சில்லறை இருந்தது.
இல்லை என்றேன்.

இறங்கினால் மழை.
இந்த ஊர் வெயிலை நம்பியது எங்கள் தப்பு.
இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் கோட்டு, ஐந்து டாலர் வீதம்.
டிராமில் அதே பையன், அதே இருக்கை,
விழித்திருந்தான்.
"இது எந்த இடம்?" என்றான்.
மெர்வ் அவனுக்குப் பொறுமையாக
கடந்துபோன கட்டிடங்களின் வயதைச் சொன்னான்,
ஒன்று பாக்கியில்லாமல்.

நாலு இருபது.
மஞ்சள் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தோம்.
தரையெல்லாம் சொட்டியது.
"ஊர் எப்படி?" என்றாள் மேசைப் பெண்.
"நதியைச் சரியாக நிர்வகிக்கவில்லை"
என்றான் மெர்வ்.
அவள் அதையும் எங்கோ குறித்துக்கொள்வதுபோல்
பேனாவை எடுத்தாள்.