இருபத்தொன்று

துடுப்பில் நகக்கண் அளவு நறுக்கி
ஸ்பிரிட் குப்பியில் போடுகிறேன்.
ஏழாம் தொட்டி. நானூற்றுப் பதினேழாம் ஜிலேபி.
துள்ளியதில் முதுகு முள்
கையுறையைக் கிழித்துவிட்டது.

"இது எந்தக் கூட்டமுங்க?"
வலை பிடிக்கும் சென்னியண்ணன்.

பவானிசாகரில் வீடு தேடிய அன்று
என்னிடமும் கேட்டார்கள்,
மோர் கொடுத்து, இதைவிட மரியாதையாக.
சொன்னேன்.
வீடு நேற்றே பேசி முடிந்துவிட்டதாம்.

மடிக்கணினியில் வரைபடத்தைக் காட்டினேன்:
ஜிலேபிக்குள்ளயே இருபத்திரண்டு கூட்டம்ணா,
கோடு கோடா, மைல்கல் நட்டாப்பல.

ஈர விரலைத் திரையில் வைத்தே எண்ணினார்.
பத்தொம்பது, இருபது, இருபத்திரெண்டு, இருபத்திமூணு...
"நடுவால ஒண்ணக் காணமுங்களே?"

காணாமல் போகவில்லை.
அதுவும் பதினாறும்
வேறு வேறென்றுதான் முதலில் எழுதிவைத்தார்கள்.
குறிகள் நெருங்க நெருங்க
ரெண்டும் ஒரே இழை.
எண்ணை மட்டும் அடித்துவிட்டார்கள்.

மதகுத் தண்ணீர் சத்தத்தில்
கொஞ்ச நேரம் நின்றார்.

"பதினாறு ஒத்துக்கிச்சுங்களா?"

சிரிக்கிறாரா என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள்
கையில் வழுக்கிக்கொண்டு
நானூற்றுப் பதினெட்டு.