இரண்டாவது காரணம்

மதியம் இரண்டு மணி.
நவம்பர் கடைசியிலிருந்து
விடியவே இல்லை ஹாமர்ஃபெஸ்ட்டில்.
தோர்டிஸ் பேசுகிறாள்:
சால்மன் பண்ணைகளை மூடியாக வேண்டும்.
ஒன்று, கடற்பேன். இரண்டு,
இணையம் இழுத்துக்கொண்டது.
திறந்த வாயோடு உறைந்திருந்தாள்.

மீண்டு வந்தபோது மூன்றில் இருந்தாள்.
இரண்டை யாரும் கேட்கவில்லை.

ஐலிஃப் மைக்கைத் திறந்தான்:
"நீ சொன்ன கணக்கு எந்த வருஷத்தது?"
"ஆறு வருஷம் முந்தி."
"பழசு."
"பேன் பழசாகவில்லையே."
பதினான்கு சதுரங்களில் ஒன்பது
ஓசையின்றிச் சிரித்தன.

அப்போதுதான் அவளுக்குப் பின்னால்
சமையலறைக் கதவு திறந்து
படத்தில் விழக்கூடாதென்று
குனிந்து கடந்தார் அவள் அப்பா.
குனிந்ததால்தான் தெரிந்தது
ஆரஞ்சு மேலங்கியின் முதுகு,
அதில் கொட்டை எழுத்தில்
பண்ணையின் பெயர்.

ஐலிஃப் தட்டச்சு செய்கிறார்
என்றது திரையின் ஓரம்.
மூன்று புள்ளிகள்.
நின்றன.
மறுபடி மூன்று புள்ளிகள்.
ஜெயிக்க ஒரு வரி போதும்,
அது என்ன வரி என்று
எங்கள் எல்லோருக்குமே தெரியும்.
தோர்டிஸ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புள்ளிகள் அணைந்தன.
"உன் இரண்டாவது காரணம்
சரியாகக் கேட்கவில்லை," என்றான்.
"திரும்பச் சொல்லேன்."

நான் நோட்டில்
2 என்று போட்டு
பக்கத்தில் இடம் விட்டேன்.