பாக்கி

பிக்கப் வண்டியை இந்த நாட்டில் பக்கி என்பார்கள்.
என் நாக்கில் அது எப்போதும் பாக்கி.
வங்கிக்கு இன்னும் பதினோரு தவணை,
நாக்கு பொய் சொல்வதில்லை.

டொங்காட்டில் வியாழன் இரவு ஒன்பது மணி.
பின்னால் நாற்பது கட்டு கறிவேப்பிலை,
மேலே ஈரச்சாக்கு.
விடிவதற்குள் லெனேஷியா.
அறுநூற்று இருபது கிலோமீட்டர்,
டாங்கில் அறுபத்தைந்து லிட்டர்.
கடலோரத்துப் பெட்ரோல், மலிவு.
மலையேறிவிட்டால் லிட்டருக்குச் சில்லறை கூடும்,
அந்தச் சில்லறையைத்தான் நான் கொடுக்க மாட்டேன்.

லிட்டருக்கு ஒன்பதரை ஓடினால் போய்ச் சேரலாம்.
எட்டரை என்றால்
ஹைடல்பர்க்குக்கு முன்னாலேயே
இருட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

என் கொழுந்தன் சாகரன் நூற்றிருபதில் போவான்.
முள் மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டி நடுங்கும்,
பாட்டுச் சத்தத்தில் அவனுக்கு எஞ்சின் கேட்காது.
நான் தொண்ணூற்றைந்து.
இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு நேராக
கண்ணாடியில் ஒரு காயப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன்.
முள் அதைத் தாண்டினால்
பெருவிரல் தானாகத் தளரும்.

மூயி ரிவர் டோலில் சில்லறை எண்ணும்போது
லாரிகள் என்னைக் கடந்து போயின.
போகட்டும்.
காற்றைக் கிழிக்க அவர்கள் பணம் கட்டுகிறார்கள்.

எஸ்ட்கோர்ட் வரை எல்லாம் கணக்குப்படி.
வான் ரீனன் ஏற்றத்தில் பனி.
ஐந்தாவது கியரை விட மனமில்லை,
பெடலைத் தரையோடு மிதித்துக்கொண்டே இருந்தேன்.
முள் இறங்குகிறது, ஆயிரத்து அறுநூறு, நானூறு.
சுழற்சி குறையக் குறைய எனக்குள் ஒரு கஞ்சச் சந்தோஷம்.
கியர்க்கம்பு பல் கிட்டியதுபோல ஆடியது.
பக்கத்தில் உறங்கிய லுங்கேலோ கண் திறக்காமலே சொன்னான்:
“அக்கா, அது அழுகிறது.”

மூன்றாவதுக்கு இறக்கினேன்.
முள் பிளாஸ்திரியைத் தாண்டி எகிறியது.
சத்தம் தெளிந்தது.
பாதி மிதியிலேயே மலை நகர ஆரம்பித்தது.

குறைந்த சுற்று, குறைந்த செலவு.
அது சமதரையின் வாக்கு.
ஏற்றத்துக்கு வேறு வாய்ப்பாடு.
கொஞ்ச காலமாய் வீட்டையும் நான்
ஐந்தாவதில்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
ஒரு குழம்பை மூன்று நாள்,
ஒரு ஜோடி பள்ளி ஷூவை இரண்டு வருஷம்,
ஒரு பல்வலியைப் பொங்கல் வரைக்கும்.
எது அழுதது, எது ஓடியது என்று
அங்கே சொல்ல லுங்கேலோ இல்லை.

வில்லியர்ஸில் சிவப்பு விளக்கு எரிந்தது.
அதற்கப்புறம் நாங்கள் பேசவில்லை.
ஹீட்டரை அணைத்தேன்,
கதவுக் கண்ணாடியை இறுக்கினேன்,
ஒரு லாரியின் பின்னால் காற்று மறைவில்
பயப்படும் தூரம் வரை ஒட்டிப் போய்,
பயந்து, விலகினேன்.

ஆறே முக்காலுக்கு லெனேஷியா.
டாங்கில் என்ன இருந்தது என்று தெரியாது,
வாசனை இருந்திருக்கும்.
ஹன்சாபென் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தாள்.
“நல்ல இலைதான், தங்கச்சி.
ஆனால் சாகரன் ஐந்தரைக்கே வந்துவிட்டான்.”

கட்டுக்கு மூன்று ராண்ட் குறைத்தாள்.
நாற்பது கட்டு, நூற்றிருபது.
பெட்ரோலில் நான் மிச்சம் பிடித்தது
எப்படிக் கூட்டினாலும் எண்பத்தேழு.
லுங்கேலோ மனக்கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன்,
ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தான்,
அவன் காசில்.

திரும்பும்போது வண்டி காலி.
மேட்டுநிலத்துப் பெட்ரோல் இருபது லிட்டர்,
கூடுதல் சில்லறையோடு.
வான் ரீனனுக்குப் பொழுது சாயும் நேரம் வந்தோம்.
கியரில் வைத்தபடியே காலை எடுத்தேன்.
முள் இரண்டாயிரத்து எண்ணூறில் நிற்கிறது,
ஆனால் எஞ்சினுக்குள் ஒரு சொட்டும் போகவில்லை.
நேற்று எஞ்சின் சக்கரத்தைச் சுற்றியது,
இன்று சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறது.
மலை வாங்கியதில் ஏதோ கொஞ்சம்
வட்டியில்லாமல் திரும்பக் கொடுக்கிறது.

பிளாஸ்திரியை உரித்தேன்.
அதன் பசை மட்டும் கண்ணாடியில் நின்றது.
கீழே லேடிஸ்மித்தின் முதல் விளக்குகள்.
அங்கே சமதரை,
மறுபடி மிதிக்க வேண்டும்.
அதுவரைக்கும்
கால் சும்மா இருக்கட்டும்.