பதினைந்து ஆம்பியர்

லோயர் கேம்ப் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசியில்
டேஷ்போர்டு இருண்டது.
முன்விளக்கு எரிகிறது, எஞ்சின் ஓடுகிறது,
என்ன வேகம் என்று மட்டும் தெரியவில்லை.
பின்னால் வந்த கோழி லாரி
ஹாரனில் கை வைத்தபடியே பக்கத்தில் ஒட்டியது.
"சேச்சி, பின்னாடி லைட்டே இல்லல்லோ,
ஞான் இப்ப இடிச்சேனே!"
பாதித் தமிழ், பாதி மலையாளம், முழுக் கோபம்.

ஓரம் கட்டினேன்.
விடிய ஒன்றரை மணி நேரம் இருந்தது.
சீலையம்பட்டிச் சந்தையில் ஏற்றிய செண்டுமல்லி ஆம்னி நிறைய,
அதன் மேல் ஈரச் சாக்கில் நாலு கட்டு மரிக்கொழுந்து.
குமுளியில் ஒரு கல்யாணம், ஒரு சாவு.
எதை முதலில் இறக்கணும் என்று சீட்டில் இருக்கிறது:
சாவு.

சாவியை உருவினேன்.
ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் பெட்டி.
எது எதற்கு என்று மூடியில் அச்சிட்டிருந்தது
எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்த
சையது மீரான் ராவுத்தரின் கட்டைவிரலில்
எப்போதோ அழிந்துவிட்டது.
போனைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி
ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்,
கூமுட்டை பார்க்கிறதுபோல.
சிவப்பு: கம்பி முழுசு. உள்ளே போ.
மஞ்சள்: முழுசு. போ.
நீலம்:
லாடமாய் வளைந்த கம்பியில் எள்ளளவு இடைவெளி,
பக்கத்தில் கண்மை ஈஷினதுபோல் ஒரு கறுப்பு.

எதிர் மலையில்
ஆள் நிமிர்ந்து நடக்கிற அகலக் குழாய்களில்
பெரியாற்றுத் தண்ணீர் இருட்டோடு இறங்கிக்கொண்டிருந்தது.
அடியில் பவர் ஹவுஸ் திருவிழாவாய் எரிந்தது.
எத்தனை ஊருக்குக் கரண்ட்.
எனக்கு வேண்டியது பதினைந்து ஆம்பியர்.

உபரி கிடையாது.
ரேடியோவுடையதும் நீலம்தான். பிடுங்கிச் சொருகினேன்.
சாவி, ஸ்விட்ச்.
ஒரு கண்சிமிட்டல்.
சத்தமே இல்லாமல் அதுவும் போய்ச் சேர்ந்தது.

ஒன்று போனால் வயசாகிவிட்டது எனலாம்.
இரண்டு போனால்
என்னமோ சொல்ல வருகிறது.

லாரிக்காரன் இன்னும் போகவில்லை. பெயர் பென்னி.
கோபம் வடிந்து, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைக் கிழித்து
"இத சுத்தி வெச்சா மதி, மல கேறாம்" என்று நீட்டினான்.
நல்ல மனசு.
மலை ஏறியும் இருப்பேன்,
ஃப்யூஸ் சாக மறுத்த இடத்தில் வயர் எரிந்து,
வயரிலிருந்து சாக்கு, சாக்கிலிருந்து பூ.
எங்கள் சின்ன மாமா மீட்டர் பெட்டியில்
ஆணி வைத்திருந்தார்.
எட்டு வருஷம் ஒரு குறையும் இல்லை.
ஒன்பதாம் வருஷம் கூரை இல்லை.

பின்கதவைத் தூக்கினேன்.
சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது,
வலது விளக்கின் மூலையில்,
இன்சுலேஷன் டேப் பாதி உரிந்த இணைப்பின் மேல்
குறி பார்த்து.
அந்த டேப்பைச் சுற்றியது நான்.
கூடலூரில் நிறுத்தி, வாடிவிடக் கூடாதென்று
இரண்டு பாட்டில் தண்ணீர் தெளித்ததும் நான்.
ராவுத்தரை வீணாகத் திட்டியிருந்தேன்.

முந்தானையால் துடைத்து, வாயால் ஊதி,
பென்னியின் டேப்பை இறுக்கிச் சுற்றி
சாக்கை அந்தப் பக்கம் தள்ளினேன்.
மீதி இரண்டு நீலம்: ஹாரன், வைப்பர்.
கொண்டை ஊசியில் ஹாரன் இல்லாமல் ஆகாது.
வானத்தைப் பார்த்தேன், நட்சத்திரம் இருந்தது.
வைப்பரைப் பிடுங்கினேன்.

"கத்தி, கத்தி!" என்று பின்னாலிருந்து கத்தினான்.
மலையாளத்தில் எரிந்ததென்று அர்த்தம்,
எனக்கு ஒரு நொடி வயிறு கலங்கியது.
திரும்பிப் பார்த்தால் அவன் முகம் சிவப்பு,
கூண்டுக்குள் அத்தனை கோழியும் சிவப்பு.

அவனை முன்னால் போகவிட்டேன்.
செக்போஸ்டில் தூறல் பிடித்தது. கேரளா.
கண்ணாடியெல்லாம் கரைந்து வழிய
கோழி லாரியின் இரண்டு சிவப்புப் புள்ளியைப் பிடித்துக்கொண்டே
சாவு வீடு வரைக்கும் போனேன்.
பூவுக்குக் காசு எண்ணித் தந்தவர்
மீதி கேட்டார்.
சுருக்குப் பையில் கைவிட்டதும்
முதலில் வந்தது செத்த நீலம் இரண்டும்.